வேலைக்கு ஒற்றைக்குப் போகலாம், பார்க்கப் போகக் கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில நாட்களுக்கு முன் இதே பகுதியில் நம் குமரி மாவட்டத்து வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். கல்லூரிப் படிப்பை முடித்த அவருடைய மகள் கர்நாடகத்து ஹம்பிக்கு ஒற்றைக்கு, அதாவது தனியாக, ரயிலில் போய் வர வேண்டும் என்று கேட்டாளாம், இவர் முடியாது என்று சொல்லிவிட்டாராம், காலம் கெட்டுக் கிடக்கிறது, ரயில்வே முதலில் பாதுகாப்பைச் சரி செய்யட்டும், அப்புறம் பெண்கள் ஊர் சுற்றட்டும் என்று முடித்திருந்தார். அவருடைய பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பெண் பிள்ளையைப் பெற்ற எல்லாருக்கும் அது உண்டு, எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருந்தார்: “வேலைக்கென்றால் சரி, சும்மா பார்ப்பதற்காக எதற்கு?” எனக்குச் சொல்ல இருப்பது அந்த வரியைப் பற்றித்தான்.

நான் தக்கலைப் பக்கம். நர்சாக இருந்தவள். 1990-களின் தொடக்கத்தில் படிப்பு முடிந்த கையோடு டெல்லியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. தகரப் பெட்டியைக் கயிற்றால் கட்டி, அவலும் சர்க்கரையும் பொட்டலம் போட்டு, அப்பா என்னைத் திருவனந்தபுரம் வரை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் கேரளா எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டார். அவ்வளவுதான். இந்தி ஒரு வார்த்தை தெரியாது, டெல்லியில் யாரையும் தெரியாது, கையில் போன் என்று ஒன்று இருக்கும் என்பதே தெரியாத காலம். போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடு என்றார், போட்டேன், அது வந்து சேர ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் ஊரில் ஒருத்தர்கூட “பிள்ளையை ஒற்றைக்கு அனுப்பிட்டியளே” என்று கேட்கவில்லை. மாதாமாதம் மணியார்டர் வரும், தம்பி படிப்பான், வீட்டுக்கு ஓடு மாற்றலாம். மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல் பக்கம் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் போய்க் கேளுங்கள், இப்படிப் பெட்டி தூக்கிப்போன நர்சு வீட்டுக்கு ஒருத்தி இருப்பாள். டெல்லி, பம்பாய், அப்புறம் குவைத், சவுதி. எல்லாம் ஒற்றைக்குத்தான்.

இப்போது வேலையை விட்டு ஊரில் இருக்கிறேன், பிள்ளைகள் அவரவர் வழியைப் பார்த்துக்கொண்டார்கள், வருஷத்தில் கொஞ்ச நாள் ரயிலேறி நாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன். அப்போதுதான் கேள்வி வருகிறது. “ஆரு கூட போறிய?” என்று முதல் கேள்வி, “ஒற்றைக்கா?” என்று இரண்டாவது, “எதுக்கு?” என்று மூன்றாவது. இந்த மூன்றாவதுதான் முக்கியமானது. நேர்ச்சை என்று சொன்னால் முகம் மாறிவிடும், நல்லது போயிட்டு வாங்க என்பார்கள். மகளுக்குப் பிரசவம் என்றால் கூடவே ஒரு பொதி சாமான் கட்டிக் கொடுப்பார்கள். பரீட்சை, இன்டர்வியூ, ஆஸ்பத்திரி, துட்டி (சாவு வீடு), எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. சும்மா பார்த்துவிட்டு வரப் போகிறேன் என்றால் மட்டும் ஏதோ மறைக்கிறாள் என்கிற மாதிரி ஒரு பார்வை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பார்க்க வருகிறவர்களை வைத்துப் பிழைக்கிற மாவட்டம் நம்முடையது. வங்காளத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து, சூரியன் உதிப்பதையும் மறைவதையும் பார்த்துவிட்டு, படகில் விவேகானந்தர் பாறைக்குப் போய்விட்டு, கண்ணாடிப் பாலத்தில் நடந்து வள்ளுவர் காலடிக்குப் போய் படம் எடுத்துக்கொண்டு, சங்கு மாலை வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவர்களில் முதுகுப் பையோடு ஒற்றைக்கு வருகிற பெண்களும் இருக்கிறார்கள், நம் ஊர் கடைக்காரர்கள் யாரும் அவர்களிடம் “அப்பா எங்கே?” என்று கேட்பதில்லை. அவர்கள் வந்து இறங்குகிற அதே ரயில் திரும்பிப் போகிறது, அதில் நாம் ஏறுவதில்லை.

நமக்கு ரயில் வந்ததே தாமதம்தான். 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குத் தண்டவாளம் வந்தது 1979-இல். என் அம்மா கல்யாணம் ஆகி வந்தபோது இந்த மாவட்டத்தில் ரயில் சத்தமே கிடையாது. இன்றைக்கு நிலைமை என்ன? நாட்டிலேயே மிக நீண்ட தூரம் ஓடும் ரயில் நம் கன்னியாகுமரியிலிருந்து கிளம்புகிறது. அசாமில் உள்ள திப்ருகர் வரை 4,100 கிலோமீட்டருக்கு மேல், மூன்று நாளுக்கும் கூடுதலான பயணம். விவேகானந்தரின் 150-ஆவது பிறந்த ஆண்டையொட்டி அறிவித்து 2011 நவம்பரில் ஓட ஆரம்பித்த விவேக் எக்ஸ்பிரஸ். இதுபோதாதென்று வாரம் ஒரு முறை ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ், இங்கிருந்து காஷ்மீர் அடிவாரத்து கட்ரா வரை. குமரி முனையில் ஏறிப் படுத்தால் இமயமலை அடிவாரத்தில் இறக்கிவிடுகிற வசதி வேறு எந்த மாவட்டத்துக்காரருக்கு இருக்கிறது சொல்லுங்கள்? நம் பெண்களில் பாதிப்பேர் அந்த ரயிலைக் குழித்துறை லெவல் கிராசிங்கில் கேட் திறக்கக் காத்திருக்கும்போது பார்த்ததோடு சரி.

திப்ருகர் ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வாசகர் பயப்படுகிற மாதிரியான ரயில் அதுதான். கேரளத்தில் ஸ்டேஷன் ஸ்டேஷனாக வடநாட்டு வேலைக்காரப் பையன்கள் ஏறுவார்கள். கொத்தனார் வேலை, ஓட்டல் வேலை, பிளைவுட் கம்பெனி வேலை முடித்து ஊருக்குப் போகிறவர்கள், அசாமும் வங்காளமும். பாலக்காடு தாண்டும்போது ஸ்லீப்பர் கோச்சில் கால் வைக்க இடம் இருக்காது. நான் ஒரு பெண், சுற்றிலும் இளவட்டப் பையன்கள். எனக்கும் முதலில் வயிற்றைக் கலக்கத்தான் செய்தது. கொஞ்ச நேரம் கழித்து எதிரே இருந்தவன் சுத்த மலையாளத்தில் “சேச்சி, வெள்ளம் வேணோ?” (அக்கா, தண்ணீர் வேண்டுமா?) என்றான். வங்காளத்து முர்ஷிதாபாத்காரனாம், எர்ணாகுளத்தில் பல வருஷம் வேலை. நமக்குத்தான் மலையாளம் தண்ணீர் பட்ட பாடாயிற்றே, அப்புறம் பேச்சுக்கென்ன குறை. ஆந்திரா, ஒடிசா எல்லாம் தாண்டி வங்காளத்துக்குள்ளும் நாங்கள் மலையாளத்திலேயே பேசிக்கொண்டு போனோம். வீட்டிலிருந்து கொண்டுபோன முந்திரிக்கொத்தை எடுத்துக் கொடுத்தேன், இதில் முந்திரி எங்கே என்று கேட்டான், சிறுபயறும் கருப்பட்டியும்தான், பேர் மட்டும் அப்படி என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

வங்காளத்துக்குள் நுழைந்ததும் ஜால்முரி விற்கிறவர்கள் ஏறுவார்கள். கழுத்தில் ஒரு தட்டு தொங்கும், அதில் சின்னச் சின்ன டப்பாக்கள். தகரக் குவளையில் பொரியைப் போட்டு, வெங்காயம், பச்சை மிளகாய், அவித்த உருளைக்கிழங்கு, கொண்டைக்கடலை, மேலே பச்சைக் கடுகெண்ணெய் ஊற்றி, ஒரு குச்சியால் டக்டக்கென்று கிண்டி, காகிதக் கூம்பில் கொட்டி, உச்சியில் ஒரு கீற்றுத் தேங்காயைச் சொருகிக் கொடுப்பார்கள். தேங்காயெண்ணெயில் வளர்ந்த நாக்குக்கு அந்தக் கடுகெண்ணெய் முதல் வாயில் மூக்கு வரை ஏறும். இரண்டாவது கூம்பை நானே கேட்டு வாங்கினேன். அந்தத் தேங்காய்க் கீற்றுதான் என்னை அந்த ஊரோடு சொந்தம் கொண்டாட வைத்தது என்று நினைக்கிறேன். மால்டா வருவதற்குள் முர்ஷிதாபாத் பையன்கள் பாதிப்பேர் இறங்கிவிட்டார்கள். கவுகாத்திக்கு முன்னால் பிரம்மபுத்திரா. தாமிரபரணியையும் கோதையாற்றையும் ஆறு என்று சொல்லி வளர்ந்த எனக்கு அதை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை, பாலம் ஓடிக்கொண்டே இருக்கிறது, கரை வரவில்லை. யாரும் என்னை அங்கே போகச் சொல்லவில்லை, அங்கே எனக்கு ஒரு சோலியும் கிடையாது. அதனால்தான் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருக்க முடிந்தது. டெல்லிக்குப் போன காலத்திலும் சம்பல், நர்மதை எல்லாம் தாண்டித்தான் போயிருப்பேன், ஒன்றும் நினைவில் இல்லை, டூட்டிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது மட்டும்தான் மண்டையில் இருந்திருக்கும்.

எல்லாப் பையன்களும் தங்கம் என்று சொல்ல வரவில்லை. வேறொரு பயணத்தில், எந்த ரயில் என்று வேண்டாம், நடுராத்திரி ஒருத்தன் என் பெர்த்தில் கால்மாட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றான். டிக்கெட் பரிசோதகரைக் காணோம். ரயில்வே உதவி எண் 139-க்குப் போன் செய்தேன், அடுத்த பெரிய ஸ்டேஷனில் ரயில்வே பாதுகாப்புப் படையிலிருந்து ஒரு பெண் போலீஸ் ஏறி அவனைக் காலரைப் பிடித்து இறக்கினார். இன்னொரு தடவை அதே 139-க்குப் போன் செய்தும் யாரும் வரவில்லை, எதிர் பெர்த்தில் இருந்த அம்மா விளக்கைப் போட்டு மராத்தியில் ஒரு சத்தம் போட்டதில் கோச்சே விழித்துக்கொண்டது, ஆள் தானாக நகர்ந்தான். இரண்டும் நடக்கும். ஆனால் நான் அந்த வாசகரிடம் கேட்பது இதைத்தான்: இதே ஆள் நான் டெல்லிக்கு வேலைக்குப் போனபோதும் ரயிலில் இருந்தான்தானே? அப்போது 139-ம் இல்லை. சம்பளத்துக்காகப் போகிறவளுக்கு ஒரு ஆபத்து, பார்க்கப் போகிறவளுக்கு வேறு ஆபத்து என்று ரயிலில் தனித்தனியாக வைத்திருக்கிறார்களா? பாதுகாப்பு சரியாகும்வரை வேலைக்கும் அனுப்பாதீர்கள் என்று யாராவது சொன்னால் நம் மாவட்டத்தில் எத்தனை வீட்டில் அடுப்பு எரியும்?

பாதுகாப்பு என்று ஒன்றுமே இல்லை என்பதும் சரியில்லை, இருப்பது பலருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். நீண்ட தூர எக்ஸ்பிரஸ் ரயில்களில் ஸ்லீப்பர் வகுப்பில் பெண்களுக்கென்று ஆறு பெர்த் தனி ஒதுக்கீடு உண்டு. டிக்கெட் எடுக்கும்போது பொது ஒதுக்கீட்டை விட்டுவிட்டு லேடீஸ் கோட்டா என்று தேர்ந்தெடுத்தால் போதும், வயது கட்டுப்பாடு கிடையாது, பெரும்பாலும் அந்தப் பெர்த்துகள் ஒரே இடத்தில் அமையும், சுற்றிலும் பெண்கள். 45 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு இடம் இருந்தால் கீழ் பெர்த்தைக் கணினியே கொடுத்துவிடும். (இளவயதுப் பெண்களுக்கு நான் மேல் பெர்த்தைத்தான் சொல்வேன், பகலிலும் யாரும் வந்து உட்கார மாட்டார்கள், ஏறி இறங்குவதுதான் கஷ்டம்.) 2020-இலிருந்து ‘மேரி சஹேலி’ என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. நீண்ட தூர ரயிலில் ஒற்றைக்குப் போகும் பெண்களை ரயில் கிளம்பும் இடத்திலேயே பெண் காவலர்கள் வந்து பார்த்து, சீட் எண்ணைக் குறித்துக்கொண்டு, வழியில் உள்ள ஸ்டேஷன்களுக்குத் தகவல் சொல்வார்கள். எனக்கு நடந்திருக்கிறது, நடக்காமலும் இருந்திருக்கிறது. அப்புறம் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் ஒரு பிரிவு, ஆண் துணையில்லாமல் வருகிற பெண்ணிடம் டிக்கெட் இல்லையென்றாலும் அவளை நினைத்த இடத்தில் இறக்கிவிட முடியாது, அவள் ஏறிய ஸ்டேஷன், ஜங்ஷன், ரயில் முடியும் இடம், மாவட்டத் தலைநகர், இந்த மாதிரி இடங்களில்தான் இறக்கலாம், அதுவும் பகலில் மட்டும். அந்தப் பிரிவின் எண்ணும் 139தான். உதவி எண்ணும் அதுவே. யாராவது யோசித்து வைத்தார்களா, தானாக அமைந்ததா, எப்படியோ நினைவில் நிற்கிறது.

ரயிலைவிட எனக்குத் தொல்லை கொடுத்தது தங்குமிடம். வடக்கே ஓர் ஊரில் முன்பணம் கட்டிப் பதிவு செய்த அறையை, நேரில் போய் நின்றதும், ஒற்றைப் பெண்ணுக்கு ரூம் கொடுப்பதில்லை என்று மறுத்துவிட்டார்கள். இரவு எட்டு மணி. திரும்ப ஸ்டேஷனுக்கே போய் அங்குள்ள ஓய்வறையில் கட்டில் வாங்கிப் படுத்தேன். டிக்கெட்டில் உள்ள பிஎன்ஆர் எண் இருந்தால் பெரிய ஸ்டேஷன்களில் ஓய்வறையை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடலாம், மலிவு, சுத்தம் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் வடக்கே உள்ளவர்களை மட்டும் சொல்வானேன். கன்னியாகுமரியில் ஒரு பெண் ஒற்றைக்கு வந்து அறை கேட்டால் எத்தனை லாட்ஜில் முகம் சுளிக்காமல் சாவியை எடுத்துக் கொடுப்பார்கள்? ஒற்றை ஆளாக வந்தால் ஏதாவது செய்துகொள்வார்களோ என்று பயம், போலீஸ் வரும், கேஸ் ஆகும். அந்தப் பயம் புரிகிறது. அதற்காகக் கடல் பார்க்க வந்தவளைத் தெருவில் நிறுத்துவதா?

கழிப்பறையைப் பற்றிப் பேசாமல் எந்தப் பெண்ணும் ரயில் பயணத்தைப் பற்றி எழுத முடியாது. தாழ்ப்பாள் விழாத கதவு, தண்ணீர் வராத குழாய், இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. டெல்லி சாணக்யபுரியில் உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனால் ஒரு கடிதத்தைத் தேடிப் பாருங்கள். 1909-இல் ஒகில் சந்திர சென் என்பவர் சாஹிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்கு எழுதியது. மனிதர் பலாப்பழத்தை, அதாவது நம் சக்கையை, வயிறு முட்டத் தின்றுவிட்டு ரயிலேறியிருக்கிறார். அகமதுபூர் ஸ்டேஷனில் ஒதுங்கப் போன நேரத்தில் கார்டு விசில் ஊதிவிட்டார், ஒரு கையில் செம்பு, மறு கையில் வேட்டியோடு ஓடிவந்து பிளாட்பாரத்தில் எல்லார் முன்னாலும் விழுந்திருக்கிறார். அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் சாதாரண வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை வந்தது என்று சொல்வார்கள். சிரிப்பு வந்தது எனக்கும். அப்புறம் யோசித்தேன், பம்பாயிலிருந்து தானேவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது 1853-இல். அந்த ஐம்பத்தாறு வருஷமும் அந்தப் பெட்டிகளில் பெண்களும் போயிருக்கிறார்களே, அவர்கள் என்ன செய்தார்கள்? அவர்கள் எழுதிய கடிதம் ஒன்றும் அங்கே இல்லை.

மும்பை போனால் கூட்ட நேரத்தில் ஒரு தடவையாவது லோக்கல் ரயிலின் பெண்கள் பெட்டியில் ஏறிப் பார்க்க வேண்டும். 1992-இலிருந்து முழு ரயிலுமே பெண்களுக்கென்று ஓடும் லேடீஸ் ஸ்பெஷல்கூட உண்டு அங்கே. இடிபாடு தாங்க முடியாது, நாலாவது ஆளாக ஓரத்தில் ஒட்டிக்கொள்ள “சர்க்கோ, சர்க்கோ” (நகரு, நகரு) என்று தள்ளுவார்கள். அத்தனைக்கும் நடுவில் ஒரு அம்மா மடியில் துணியை விரித்து பச்சைப் பட்டாணியை உரித்துக்கொண்டு வருகிறார், பக்கத்தில் இருப்பவள் அறிமுகம் இல்லாவிட்டாலும் ஒரு கை எடுத்து உரிக்கிறாள். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது குழம்புக்கு வேலை பாதி முடிந்திருக்கும். நம் தமிழர்கள் நிறைய இருக்கிற மாட்டுங்காவில் 2017-இலிருந்து ஸ்டேஷனையே முழுக்கப் பெண்கள்தான் நடத்துகிறார்கள், டிக்கெட் கொடுப்பது, பரிசோதிப்பது, அறிவிப்பு, காவல் எல்லாம். அங்கே பிளாட்பாரத்தில் நிற்கும்போது என் பையை நான் இறுக்கிப் பிடிக்கவில்லை என்பதை வெளியே வந்த பிறகுதான் கவனித்தேன்.

அந்த வாசகர் கேட்ட மாதிரி ரயில்வே செய்ய வேண்டியதும் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. முதலில் நம் மாவட்டத்திலேயே ஆரம்பிக்கட்டும். ஒரு ஸ்டேஷனில், பெயர் வேண்டாம், பெண்கள் காத்திருப்பு அறை இரவு பூட்டிக் கிடக்கிறது, சாவி யாரிடம் என்று கேட்டால் அவர் டூட்டியில் இல்லை என்கிறார்கள், அவர் வரும் டூட்டி எது என்று கேட்டால் பதில் இல்லை. பின்னிரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் ரயில் வந்து நிற்கிறது, வெளியே ஒரு பஸ் கிடையாது, ஆட்டோக்காரர் வாய்க்கு வந்ததைக் கேட்கிறார். காத்திருப்பு அறையைத் திறந்து வைத்து வாசலில் ஒரு பெண் காவலரை உட்கார வைத்தால் விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போகிறோம், அதற்கு என்ன பெரிய செலவு? இன்னொன்று. 58 வயதான பெண்களுக்கு டிக்கெட்டில் பாதிக் கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள், கொரோனா போயும் அது திரும்பி வரவில்லை. கையில் சொந்தக் காசு இல்லாத, பென்ஷன் இல்லாத வயதான பெண்கள்தான் அதனால் அதிகம் முடங்கிப் போனவர்கள். மகனிடம் முழு டிக்கெட்டுக்குக் காசு கேட்க வேண்டுமென்றால் கேட்கவே மாட்டார்கள்.

காசைப் பற்றிச் சொல்லும்போது, பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். சர்க்குலர் டிக்கெட் என்று ஒன்று இருக்கிறது. கிளம்பிய ஸ்டேஷனுக்கே திரும்பி வருகிற மாதிரி ஒரு சுற்று போட்டுக்கொள்ள வேண்டும். உதாரணத்துக்கு நாகர்கோவில், சென்னை, புவனேஸ்வர், கொல்கத்தா, காசி, ஆக்ரா, டெல்லி, மும்பை, கொங்கண் வழியாகத் திரும்ப நாகர்கோவில். எட்டு இடம் வரை இறங்கிப் பார்க்கலாம். தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கு ஆகும் கட்டணம் குறைவதால், ஊர் ஊராகத் தனித்தனி டிக்கெட் எடுப்பதைவிட நல்ல மிச்சம். வழியை எழுதி கோட்ட வணிக அலுவலகத்தில் கொடுத்தால் (நமக்குத் திருவனந்தபுரம் கோட்டம்) கட்டணத்தைக் கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள், அதைக் காட்டி டிக்கெட் வாங்கி, பிறகு ஒவ்வொரு ரயிலுக்கும் முன்பதிவு செய்ய வேண்டும். ஆன்லைனில் முடியாது, அலைச்சல் உண்டு, கவுன்டரில் இருப்பவருக்கே சில சமயம் நாம் சொல்லித்தர வேண்டியிருக்கும். இப்போது முன்பதிவு 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது என்பதால் கொஞ்சம் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும். இவ்வளவும் சொல்லக் காரணம், ‘பொம்பளைக்குத் தனியா போக வசதி வேணும்’ என்கிறவர்களுக்காக. நர்சு பென்ஷனில் நான் போகிறேன், ஸ்லீப்பர் வகுப்பில்.

கடைசியாக வயதைப் பற்றி. எனக்கு இப்போது கேள்விகள் கொஞ்சம் குறைந்திருக்கின்றன, தலை நரைத்துவிட்டது அல்லவா. நம்மிடம் ஒற்றைக்கு ஊர் சுற்றிய பெண்கள் இல்லாமல் இல்லை. ஆடிச் செவ்வாயில் தாழக்குடி ஔவையாரம்மன் கோவிலுக்குப் போய்க் கொழுக்கட்டை அவித்துப் படைக்கிறோமே, அந்த ஔவையார் கதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும், கல்யாணப் பேச்சு வந்ததும் பிள்ளையாரிடம் வேண்டி இளமையை விட்டுக் கிழவியாகி, அப்புறம்தான் ஊர் ஊராக நடந்தார். காரைக்கால் அம்மையாரும் அப்படித்தான், அழகு வேண்டாம் பேய் வடிவம் கொடு என்று கேட்டு வாங்கிக்கொண்ட பிறகுதான் கயிலைக்குக் கிளம்பினார். அவ்வளவு பெரியவர்களுக்கே அந்த நிபந்தனை. அந்த வாசகரின் மகளுக்கு இருபத்தொன்றோ இருபத்திரண்டோ இருக்கும், நரைக்கிறவரை பொறு என்று அவளிடம் யார் சொல்வது?

அவள் கேட்டது ஹம்பி. தூரமே இல்லை. நாகர்கோவிலில் மாலையில் பெங்களூரு ரயில் ஏறினால் மறுநாள் காலை போய்விடும், பகலில் ஊரைப் பார்க்கலாம், அன்று இரவு ஹம்பி எக்ஸ்பிரஸில் ஏறினால் அடுத்த நாள் காலை வெளிச்சத்தில் ஹொசபேட்டையில் இறங்கலாம். இருட்டில் புது ஊரில் இறங்க வேண்டியதில்லை, நான் எப்போதும் பார்ப்பது அதைத்தான். அங்கிருந்து ஹம்பி 13 கிலோமீட்டர், டவுன் பஸ் நிறைய உண்டு. நம் 50 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிற கல் தேர் அங்கேதான் நிற்கிறது, விட்டலர் கோவிலில். வெயில் ஏறுவதற்குள் அதைப் பார்த்துவிட வேண்டும், பாறையெல்லாம் சுட ஆரம்பித்தால் நிற்க முடியாது. இரண்டு ரயிலிலும் லேடீஸ் கோட்டாவில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒற்றைக்கு அனுப்ப மனம் வரவே இல்லையென்றால், கூட அவளுடைய அம்மாவை அனுப்புங்கள், நீங்கள் நாலு நாள் வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவரும் ஹம்பி பார்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன், கேட்டுத்தான் பாருங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தக்கலை.